இரண்டு கண் விட்டு வெட்டிய கொடி

போன கிழமை பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். திராட்சைக் கொடியைக் கவ்வாத்து வெட்டும்போது ஒரு கிளையில் எத்தனை கண் விட வேண்டும்? மூன்று பேருக்கும் மழுப்பித்தான் பதில் சொன்னேன். பதில் தெரியாமல் இல்லை. இதே கேள்விக்கு ஒருமுறை மிகத் தெளிவாகப் பதில் சொல்லி, ஒரு மனிசியை அவருடைய சொந்த வீடு வளவிலிருந்து கிளப்பி விடப் பார்த்தவன் நான். அதை நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதித் தருகிறேன். மருந்து எப்போது அடிப்பது, பந்தல் எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

நான் திராட்சைக்காரன் இல்லை. அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பதினைந்து வருடம் கவ்வாத்துக்காரர்களோடு மலையேறி இறங்கியவன். தேயிலைக் கவ்வாத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நல்ல பச்சைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளி விடுவோம். மலை முழுக்க வெறும் குச்சியாக நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் செடி செத்தது என்றே நினைப்பார்கள். சில மாதத்தில் அதே குச்சியில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த கங்காணி, சோர்ந்த செடியைக் கண்டால் கத்தியைத் தீட்டச் சொல்வார். மருந்து, உரம் எல்லாம் அவருக்கு அதற்குப் பிறகுதான். அந்தப் பழக்கம் என் கையில் ஊறிப் போயிருந்தது.

பிறகு கொழும்புக்கு வந்தேன். நம்முடைய கம்பனிக்கு அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன அலுவலகமும் கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியமும் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் திராட்சை செய்பவர்களுக்கு நடுகைத் தடியும் ஆலோசனையும் கொடுத்து, பழத்தை நாம் வாங்கிக்கொள்வது ஏற்பாடு. என் விண்ணப்பத்தில் 'கவ்வாத்து' என்ற சொல்லைப் பார்த்ததும் மேலாளர் என்னை எடுத்துக்கொண்டார். தேயிலையும் திராட்சையும் ஒன்றா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் சில வருடம் என் பிழைப்பு நன்றாகவே ஓடியது. அங்கே பெரும்பாலானவர்களிடம் இருந்தது பழைய கறுப்பு இனம். கணுவுக்குக் கணு இருக்கும் சின்ன மொட்டைத்தான் நாம் கண் என்கிறோம். அந்தக் கறுப்பு இனத்தில் கிளையின் அடிக்கண்ணிலேயே பூ வந்துவிடும். இரண்டு, மூன்று கண் விட்டு ஒட்ட வெட்டினாலும் அது காய்க்கும். நான் வெட்டச் சொன்னேன், அது காய்த்தது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் என்னைக் 'கவ்வாத்து ஐயா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தலைக்கனத்துக்கு அது போதாதா?

அப்போதுதான் பாக்கியம் டீச்சரின் தோட்டம் எனக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வீட்டோடு சேர்ந்த வளவில் தனியாக ஒரு பந்தல் தோட்டம் வைத்திருந்தார். அவரிடம் இருந்தது கம்பனி பரீட்சார்த்தமாகக் கொடுத்த, விதையில்லாத பச்சை இனம். ஒரே மகன் சுகந்தன் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் குடும்பத்தோடு இருந்தார். தாய் ஒருமுறை பந்தல் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்ததிலிருந்து, கொழும்புக்கு வந்துவிடுங்கள் என்று அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். டீச்சரின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். கொடி காய்ச்சுக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் இங்கதான். மகனும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஆக, அந்தக் கொடி காய்ப்பது என்பது அவர் தன் வீட்டில் இருப்பது. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் போன அன்று மழை கட்டி நின்றது. வெட்டிய புண்ணில் மழை பட்டால் அழுகல் பிடிக்கும் என்று எல்லாருக்கும் அவசரம். வெட்டுகிற ஆட்கள் நான்கு பேர், அவர்களுக்கு மறுநாள் பிற்பகல் வேறு தோட்டம். முந்தைய போகத்தில் டீச்சருக்குக் குலைகள் சிறுத்துப் போயிருந்தன. கிளைகளும் மெலிந்திருந்தன. நான் பந்தலின் கீழ் ஒரு சுற்று நடந்தேன். சோர்ந்த செடி. என் கை தானாகவே முடிவெடுத்துவிட்டது.

"ரெண்டு கண் விட்டு ஒட்ட வெட்டுங்க," என்றேன்.

டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, பொறுங்கோ. இது மற்றதைப்போல இல்லை. போன முறை குலை எல்லாம் கிளையின்ர நுனிப்பக்கம்தான் வந்தது. அடியில ஒண்டும் வரேல்லை. நான் பாத்தனான்."

"டீச்சர், நான் பதினைஞ்சு வருஷம் கத்தி புடிச்சவன். தளர்ந்து போனத ஒட்ட வெட்டினாத்தான் புதுசா வேகம் எடுக்கும். பயப்படாதீங்க."

"பயமில்லைத் தம்பி. நான் கண்டதைச் சொல்லுறன்."

"மழை வருது டீச்சர்," என்றேன்.

அவர் ஏணியை விட்டு விலகி நின்றார். நான்கு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலோசகர் என்று சட்டைப் பையில் அட்டை குத்தியவன் நான்தான். வெட்டினார்கள். கிணற்றுத் தூணுக்கு மேலே சிக்கிக்கிடந்த ஒரே ஒரு கிளை மட்டும் ஏணி எட்டாமல் தப்பியது. மறுநாள் மதியத்தோடு வேலை முடிந்தது. மழை பெய்ய முதல் முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையும் கூட.

கொழும்புக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து டீச்சர் தொலைபேசியில் வந்தார். "கொடி நல்லா ஓடுது தம்பி. பூவைத்தான் காணேல்லை."

"வரும் டீச்சர். இன்னும் ஒரு கிழமை பாருங்க."

அடுத்த கிழமையும் அதே பேச்சு. அதற்கடுத்த கிழமை அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பீப்பாயில் திராட்சைக் கொடி வைத்திருக்கிறேன். கொழும்பின் ஈரக்காற்றில் அது கூரைக்குக் கூரை தாவி ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது பழம் என்று வருடா வருடம் கேட்கிறார். பழமாவது கிழமாவது! அந்தக் கொடி இலை போடுவதிலேயே சந்தோஷமாக இருக்கிறது. கொடி செழித்து வளர்வது வேறு, காய்ப்பது வேறு. நாம் எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு தண்ணீர் விடுகிறோம், எத்தனை கிளையை விட்டுவைக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் அது இரண்டில் ஒன்றுக்குப் போகிறது. இருண்ட பச்சையைக் கண்டு மயங்காதீர்கள். நான் மயங்கவில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

டீச்சரின் தோட்டத்துக்குப் போனேன். பந்தலின் கீழே வெயில் இறங்காத அளவுக்கு இலை. ஒரு குலை இல்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கிணற்றடிக்கு வந்தேன். தூணுக்கு மேலே, எங்கள் கத்திக்குத் தப்பிய அந்த ஒரு கிளையில் இரண்டு குலை தொங்கியது. நுனிப்பக்கம். டீச்சர் சொன்ன அதே இடம்.

எனக்கு விளங்கிவிட்டது. இந்த இனத்துக்கு அடிக்கண்ணில் பூ இல்லை. பூ இருந்த கண் எல்லாவற்றையும் நான் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"நான் தண்ணியைக் கூடுதலா விட்டிட்டனோ தம்பி?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை டீச்சர், என் வெட்டு' என்று நாலு சொல். அந்த நாலு சொல்லுக்கு என் வாய் திறக்கவில்லை. "கொடிக்கும் வயசாயிடுச்சு போல," என்றேன். அவர் தலையை ஆட்டினார். தன் வயதைப் பற்றிச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

அலுவலகத்தில் அறிக்கை எழுதினேன், வழக்கம்போல ஒரு பிரதி தோட்டக்காரருக்கும் போனது. 'கொடி தளர்ச்சி. காய்க்கும் திறன் குறைந்துள்ளது.' பொய் என்று யாரும் சொல்ல முடியாத வசனம். வெட்டியது யார், எத்தனை கண் விட்டு வெட்டியது, தோட்டக்காரர் என்ன சொன்னார், எதுவும் அதில் இல்லை. நீங்கள் அறிக்கை எழுதும்போது இந்த மூன்றையும் முதலில் எழுதுங்கள். செடியைப் பற்றி அதற்குப் பிறகு எழுதலாம்.

வெட்டி ஆறாம் மாதம், ஒரு புதன்கிழமை காலை சுகந்தன் எனக்கு அழைப்பு எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மாவை இங்க கூட்டிக்கொண்டு வந்திட்டம். சனிக்கிழமை காணிக்கு மண் அள்ளுற பெக்கோ மெசின் வருது. பந்தலையும் கொடியையும் இழுத்துப் போட்டுட்டுக் காணியை விக்கப் போறம். உங்கட கம்பனி போட்டுத் தந்த தண்ணிப் பைப் எல்லாம் அங்க கிடக்கு. அதுக்கு முதல் வந்து கழட்டிக்கொண்டு போங்கோ."

"கொடிய ஏன் சார் புடுங்குறீங்க?"

"நீங்கள்தானே எழுதியிருக்கிறீங்கள், கொடி முடிஞ்சுது எண்டு. உங்கட ரிப்போர்ட்டைக் காட்டித்தான் அம்மாவைச் சம்மதிக்க வச்சனான்."

தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "நீங்க போய் உங்க பிழைன்னு சொன்னா, நாளைக்கு எல்லாத் தோட்டக்காரரும் அதையே சொல்லிக்கிட்டு வந்து நிப்பாங்க. அறிக்கை அப்படியே இருக்கட்டும். பைப்பைக் கழட்ட ஆள் அனுப்புங்க," என்றார். நான் சரி என்றேன். அவரிடம் சரி என்று சொன்னதற்கும் எனக்கு வெட்கம்தான்.

வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்டால் மகன் அதைக் காதிலும் போடமாட்டார், பெக்கோவும் நிற்காது. அந்தக் கொடி முடியவில்லை என்று காட்ட வேண்டும். இப்போது அதில் இருப்பது நான் வெட்டிய பிறகு வளர்ந்த ஆறு மாதக் கிளை. அது முற்றியிருந்தால் அதன் மேற்கண்களில் பூ உருவாகியிருக்க வேண்டும். உருவாகியிருக்காவிட்டால்? அப்படியானால் நான் எழுதிய பொய் உண்மையாகிவிடும். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரின் பக்கத்துக் காணிக்காரரும் நம்மிடம் பழம் கொடுப்பவர்தான். டீச்சரின் கொடியில் மண்ணிறமாக முற்றிய கிளை மூன்றை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ்ஸில் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ் வந்து நின்றதும், மாம்பழப் பெட்டிக்கும் கருவாட்டுப் பார்சலுக்கும் நடுவிலிருந்து சாக்கை இழுத்தெடுத்தேன். காலி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் உயிரியல் ரியூஷன் நடத்துகிறார். அவரிடம் பொடியதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பழைய நுணுக்குக்காட்டி உண்டு. வகுப்பு தொடங்க முன்னம் அரை மணித்தியாலம் தருவதாகச் சொன்னார்.

சவர அலகால் முதலாம் கண்ணைக் குறுக்கே சீவி வைத்தேன். இலைக் குருத்து மட்டும். இரண்டாம் கண், இலை. மூன்று, நான்கு, இலை. ஐந்தில் ஏதோ தடித்திருந்தது, நிச்சயமில்லை. ஆறாம் கண்ணைச் சீவி வைத்துக் குனிந்தேன். இலைக் குருத்துக்குப் பக்கத்தில், குட்டிக் கோலிபோல ஒரு மேடு. பூங்கொத்தின் கரு. ஏழிலும் இருந்தது. மற்ற இரண்டு கிளையிலும் அதே கதை.

"என்ன, அழுறீங்களோ?" என்றார் ரியூஷன் ஆசிரியர்.

"கண்ணாடி மங்கலா இருக்கு சேர்," என்றேன். அழத்தான் செய்தேன்.

அங்கிருந்து சுகந்தனின் வீடு நடக்கிற தூரம். நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் என் கையிலிருந்த சாக்கைப் பார்த்து, "பைப்போ?" என்றார். உள்ளே டீச்சர் சாப்பாட்டு மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. "வாங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் கடைசியாகப் பார்த்ததற்கு ஆள் சுருங்கிப் போயிருந்தார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிக்கத் தொடங்கிவிடுவேன், பிறகு சொல்ல முடியாமல் போய்விடும். அந்த நாலு சொல்லை முதலில் சொன்னேன்.

"டீச்சர், கொடி காய்க்காம போனது என் வெட்டால. நீங்க சொன்னதுதான் சரி. கிணத்தடியில வெட்டாம விட்ட கிளையில ரெண்டு குலை இருந்துச்சு. நான் அன்னைக்கே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கொடிக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னேன்."

பயற்றங்காய் முறிபடும் சத்தம் நின்றது. சாக்கைப் பிரித்துக் கிளைகளை மேசையில் வைத்தேன். ஆறாம் கண்ணைக் காட்டினேன். நுணுக்குக்காட்டியில் கண்டதைச் சொன்னேன். இந்தப் போகத்தில் ஆறு கண் விட்டு வெட்டினால் காய்க்கும் என்றேன்.

சுகந்தனின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப அறிக்கை?"

"அதுவும் நான் எழுதினதுதான் சார். பொய்."

"அம்மா இத்தனை மாசமா என்ன பாடுபட்டவ எண்டு தெரியுமோ உங்களுக்கு? தண்ணியைக் கூடுதலா விட்டிட்டன், உரத்தைப் பிழையா வச்சிட்டன், எனக்கு மூளை மங்கிப் போட்டுது எண்டு ஒவ்வொரு நாளும் போனில அழுறவ. நான் அதை நம்பிப் போட்டன். அவவுக்கு ஏலாமல் போட்டுது எண்டு நம்பித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேசையில் கிடந்த கிளைகளை டீச்சர் பக்கம் தள்ளிவிட்டு நின்றேன்.

டீச்சர் ஒரு கிளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்து நுனிவரை நகத்தால் ஒவ்வொரு கண்ணாகத் தொட்டுக்கொண்டு போனார். "அப்ப எனக்கு ஒண்டும் மறக்கேல்லை," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மகனைப் பார்த்தார். "அந்த பெக்கோக்காரனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் எண்டு சொல்லு. ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு ரெயினுக்கு ரிக்கற் போடு."

"அம்மா, ஏணியில..."

"ஏணியில ஆள் வச்சு ஏத்துறன். நான் கீழ நிண்டு சொல்லுறன்."

சுகந்தன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெக்கோ வேண்டாம் என்று அவர் சொல்வது வெளியே கேட்டது.

லிஃப்ட் வரைக்கும் டீச்சர் என்னோடு வந்தார். நல்லதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் எதிர்பார்த்தேன்.

"வந்து சொன்னதுக்குச் சந்தோசம் தம்பி. சொல்லாமல் விட்டிருந்தாலும் எனக்குத் தெரிய வந்திராது. ஆனா இனி என்ர தோட்டத்துக்கு நீங்கள் வரவேண்டாம். வேற ஆரையாவது அனுப்பச் சொல்லுங்கோ."

"சரிங்க டீச்சர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றுகிற குரலில் சொன்னார். வெட்டு பிழைத்ததற்காக அவர் அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கிணற்றடியில் அவர் கேட்டபோது நான் வாய் திறக்காமல் நின்றதற்காகத்தான். திங்கட்கிழமை பழைய அறிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்தேன். மேலாளர் என்னை ஒரு வருடம் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் பகுதிக்கு அனுப்பினார். அவர் சொன்னதுபோல தோட்டக்காரர்கள் யாரும் படையெடுத்து வரவில்லை. இரண்டு பேர் மட்டும் தொலைபேசி எடுத்து, தங்கள் கொடிக்கு எத்தனை கண் என்று கேட்டார்கள். பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன்.

நான்கு மாதம் கழித்து, டீச்சரின் தோட்டத்துக்கு என் இடத்தில் போன பெண் அலுவலர் ஒரு படம் அனுப்பினார். பந்தல் முழுக்கக் குலை. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொங்கியது. பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி படத்தைப் பெரிதாக்கினேன். குலைகளை விட்டுவிட்டு, அவை தொங்கிய பழைய கிளைகளில் கணுக்களை எண்ணினேன். முன்னால் மூன்று கிளை தெளிவாகத் தெரிந்தது. நான் சொல்லிவிட்டு வந்தது ஆறு. டீச்சர் மூன்றிலும் எட்டு விட்டு வெட்டியிருந்தார்.